புதிய டிஸ்க் பொருத்தியபின் கணினி துவங்கவில்லையா?

கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ பொருத்தியபின், துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால், விண்டோஸை மீண்டும் நிறுவ அவசரப்பட வேண்டாம். பழைய டிஸ்க்கில் உள்ளவை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். எதிலிருந்து துவங்குவது என்று தெரியாமல் மதர்போர்டு தடுமாறுவதே வழக்கமான காரணம்.

முதலில் கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, புதிய டிஸ்க்குகளை மட்டும் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். அப்போதும் துவங்கவில்லை என்றால், கேபினெட்டுக்குள் கை நுழைந்தபோது பழைய டிஸ்க்கின் கேபிளோ ரேமோ தளர்ந்திருக்கலாம். மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து அவற்றை அழுத்திப் பொருத்துங்கள்.

துவங்கிவிட்டால், புதியவற்றை ஒவ்வொன்றாக இணைத்துச் சோதியுங்கள். சிக்கல் திரும்பும்போது, இயக்கியவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் சென்று, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய முறையில் துவக்குவதற்காக அங்குள்ள சிஎஸ்எம் அமைப்பைத் தொடாதீர்கள். யூஇஎஃப்ஐ எனும் புதிய முறையில் நிறுவிய விண்டோஸ், லெகசி எனும் அந்தப் பழைய முறையில் துவங்காது. டிஸ்க்கை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால், இந்த மாற்றங்களுக்குப் பின் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம்; அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய டிஸ்க்கின் பெயரே பயாஸில் தென்படவில்லையா? புதியது மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி என்றால் காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். பல மதர்போர்டுகளில் எம்.2 இடம் நிரம்பியதும், அதனுடன் தரவுத் தடத்தைப் பகிரும் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் (டிஸ்க் கேபிளைச் செருகும் இடங்கள்) செயலிழந்துவிடும். எவை என்பதைக் கையேட்டில் பார்த்து, கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். கடைக்காரர்கள் இதை அரிதாகவே சொல்கிறார்கள்.

லோகோகூட வராமல் மின்விசிறி ஒரு கணம் சுழன்று நின்றால், கோளாறு மின் இணைப்பில் இருக்கலாம். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைச் செருகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். முனை அச்சாகப் பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம், அது டிஸ்க்கையே எரித்துவிடும்.

விண்டோஸ் வந்தபின் டிஸ்க் மேனேஜ்மென்ட் புதிய டிஸ்க்கைத் தயார்செய்யக் கேட்கும்போது, கொள்ளளவைப் பார்த்து அது புதியதுதான் என்று உறுதிசெய்துகொண்டு, டிஸ்க்கைப் பிரிக்கும் இரு முறைகளில் புதியதான ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் பொதுவாக 2 டிபிக்கு மேற்பட்ட இடம் பயன்படாது.