கார் ஓடும்போது 15 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

மேலூரிலிருந்து மதுரைக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். போன கோடையில் இரண்டே மாதத்தில் மூன்று ஹெட்லைட் பல்பு போனது, பேட்டரியில் எவ்வளவு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாலும் வற்றியது, ஒத்தக்கடை தாண்டும்போது வண்டிக்குள் அழுகின முட்டை வாடை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். புதுசும் கொதித்தது. கடைசியில் பார்த்தால், பேட்டரிக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறியிருக்கிறது, பச்சை பூத்துப்போன ஒரு மெல்லிய ஒயர்தான் காரணம்.

தேவையானது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும். முதலில் அதன் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அது இறங்கிப்போனால் பல மீட்டர்கள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, வண்டி நின்று சில மணி நேரம் ஆனபிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். நல்ல பேட்டரி 12.6 பக்கம் இருக்கும்.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்யலாம். வேட்டி நுனி, துப்பட்டா, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது, பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம், கொதிக்கிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. சும்மா ஓடவிட்டு ஒரு தடவை, யாரையாவது 2000 ஆர்பிஎம் வரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லி இன்னொரு தடவை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.7 வரை பயமில்லை. 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கோளாறுதான். இஞ்சின் சூடேறச் சூடேற வோல்டேஜ் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும், அதனால் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஓடிவந்த வண்டி 14.9 காட்டினாலும் நான் சந்தேகப்படுவேன். ஆனால் புது மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும், அவற்றில் ஒரே அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்துதான் முக்கியமான இடம். இஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர், அதன் வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர். ரெகுலேட்டர், பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டார் சுருளுக்குக் கரண்ட்டைக் கூட்டும், குறைக்கும். அதை அதற்குச் சொல்வது சென்ஸ் ஒயர் என்கிற மெல்லிய ஒயர். வழியில் துரு, லூசான கனெக்டர், கருகின ஃப்யூஸ் ஹோல்டர் என்று ஏதாவது இருந்து ஒரு வோல்ட் தொலைந்தால், பேட்டரியில் 15 இருக்கும்போது ரெகுலேட்டருக்கு 14 என்றுதான் தெரியும், அது பாட்டுக்கு இன்னும் ஏற்றும். இஞ்சின் ஓடும்போதே, கனெக்டரைப் பிடுங்காமல், அதன் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அந்த ஒயரில் அளந்து பேட்டரி அளவோடு ஒப்பிடுங்கள் (எது சென்ஸ் ஒயர் என்று உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தில் இருக்கும்). 0.3 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயரைச் சரிசெய்யுங்கள். ரெகுலேட்டர் தனியாக இருக்கும் பழைய வண்டி என்றால் அதன் எர்த்தையும் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு) சுரண்டி முறுக்கிவிடுங்கள், எர்த் சரியில்லாவிட்டாலும் இதே கூத்துதான்.

இரண்டு அளவும் ஒன்றாக இருந்தும் 15.5 காட்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. தனி சென்ஸ் ஒயரே இல்லாத வகையிலும் பெரும்பாலும் இதேதான். பல ஆல்டர்னேட்டர்களுக்கு ரெகுலேட்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழுசாக மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கழற்றும் முன் இஞ்சினை நிறுத்தி பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள், ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பட்டால் தீப்பொறி பறக்கும். இஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம், வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரே போய்விடும்.

வேலை முடிந்ததும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு அந்த ஒயரை மாற்றியபின் 14.1 காட்டியது.