சர்வர் அறையை இடம் மாற்றும்போது

அலுவலகம் இடம் மாறுகிறது என்றால் எல்லோரும் லாரியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆபத்து அதற்கு முன்னாலேயே, அணைக்கும்போதே வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடிய ஹார்ட் டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமல் போகலாம். பழைய பவர் சப்ளையும் அப்படித்தான். ஆகவே இரண்டு வாரம் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே அணைத்துப் போட்டுப் பாருங்கள். கெடுவது அங்கேயே கெட்டால் உதிரி வாங்க அவகாசம் இருக்கும். முந்தின நாள் பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு டேட்டாபேஸை வேறு மெஷினில் மீட்டுப் பாருங்கள்.

எதை எடுத்துப் போவது? விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்தது. 2016-க்கு 2027 ஜனவரி வரை. இவற்றைச் சுமந்துபோய் மாட்டுவது வீண் கூலி. மின்னஞ்சலும் ஃபைல் பகிர்வும் கிளவுடுக்குப் போகட்டும். ஆலை இயந்திரங்களோடு பேசும் சர்வரும், ஓயாமல் டேட்டாவை வெளியே அனுப்பும் சர்வரும் உங்களிடமே இருக்கட்டும். கிளவுடிலிருந்து வெளியேறும் டேட்டாவுக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் உண்டு. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் மெஷின்களை (மென்பொருளால் ஆன கணினிகளை) ஓட்டும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனபின் நிரந்தர லைசென்ஸை நிறுத்திச் சந்தாவுக்கு மாறிவிட்டது. அதை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போவதானால் தாராளமாகப் போகலாம், ஆனால் இதே வாரத்தில் வேண்டாம். இரண்டும் ஒன்றாக மாறினால் பழுது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

புதிய அறையில் முதல் கணக்கு ஏசி. 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். சர்வர்கள் 5 கிலோவாட் இழுத்தால் 2 டன் ஏசி ஒன்று, அது பழுதானால் ஓட இன்னொன்று. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும், குளிர்பெட்டியாக்க வேண்டாம். 'வருங்காலத்துக்கு ஏஐயும் இங்கேயே' என்று யாராவது சொன்னால், என்விடியாவின் 72 ஜிபியு (ஏஐ கணக்குகளைச் செய்யும் சிப்) அடங்கிய ரேக் (சர்வர்களை அடுக்கும் சட்டம்) ஒன்றுக்கே சுமார் 120 கிலோவாட்டும் திரவக் குளிர்ச்சியும் வேண்டும் என்று சொல்லுங்கள். அதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்வது டிஎன்எஸ்; அந்தப் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது டிடிஎல். இரண்டு நாள் முன்பு டிடிஎல்-ஐ 300 விநாடியாகக் குறையுங்கள். 86400-இல் விட்டால் ஒரு நாள் வரை பழைய முகவரிக்கே ஆட்கள் போவார்கள். பொது ஐபி மாறினால் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பக்கூடியவர்களின் பட்டியல்), பிடிஆர் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) பதிவுகளையும் மாற்றுங்கள். உங்கள் ஐபியை மட்டும் அனுமதித்திருக்கும் வங்கிக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் மாற்ற நாளாகும்.

கேபிளின் இரு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். டிஸ்க்கைக் கழற்றினால் அதன் மீது சர்வர் பெயர், ஸ்லாட் எண். யுபிஎஸ் பேட்டரி தனியாகப் போகட்டும். ரேக்கில் கனமானது கீழே. குளிர்ந்த வண்டியிலிருந்து புழுக்கத்தில் இறக்கினால் உள்ளே ஈரம் படியும். சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள்.

எழுப்பும் வரிசை: ஸ்விட்ச், ஸ்டோரேஜ், டிஎன்எஸ்ஸும் டொமைன் கன்ட்ரோலரும் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்), ஹைப்பர்வைசர்கள் (மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் சர்வர்கள்), டேட்டாபேஸ், கடைசியில் அப்ளிகேஷன். இங்கே ஒரு பொறி உண்டு: டிஎன்எஸ் மெய்நிகர் மெஷினாக இருந்து, அது ஓடவேண்டிய ஹைப்பர்வைசர், ஸ்டோரேஜைப் பெயரால் தேடினால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும். ஸ்டோரேஜை ஐபியால் இணைத்து வையுங்கள். மெஷின் ஏறியும் லாகின் ஆகவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை உள்ளே விடாது. நாலைந்து பேட்டரி கையில் இருக்கட்டும்.