அமெரிக்கக் கைதிகளின் வழக்கில் கோர்ட் உத்தரவைப் படிப்பது எப்படி: 'டினைடு' (denied, தள்ளுபடி) என்றால் வழக்கு முடிந்துவிட்டதா?

நண்பரின் தம்பி அமெரிக்காவில் ஒரு மாநிலச் சிறையில் இருக்கிறார். இன்சுலின் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று ஃபெடரல் கோர்ட்டில், வக்கீல் இல்லாமல், கையால் எழுதியே வழக்குப் போட்டார். ஆறு பக்க உத்தரவு வந்தது, கடைசி வரியில் 'டினைடு' என்றிருந்தது. வழக்கே போய்விட்டது என்று அவர் அம்மாவிடம் சொன்னது நான்தான், அது தப்பு. அந்தத் தப்பு வேறு யார் வீட்டிலும் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உத்தரவை எடுங்கள். முதலில் கோர்ட்லிசனர் (CourtListener) என்ற கோர்ட் ஆவண இணையதளத்தில் தேடுங்கள், அது இலவசம். அங்கே இல்லையென்றால் மட்டும் பேசர் (PACER), அதாவது ஃபெடரல் கோர்ட்டுகளின் சொந்த ஆவண இணையதளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஆனால் மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் கட்ட வேண்டியதில்லை.

2. கையெழுத்துப் போட்டது யார் என்று பாருங்கள். மாஜிஸ்திரேட் நீதிபதியின் (வழக்கை முடிவு செய்யும் நீதிபதிக்கு உதவியாக இருப்பவர்) பரிந்துரை என்றால் அது இறுதி முடிவு இல்லை. ஆட்சேபணை தெரிவிக்க 14 நாள் உண்டு. அந்த நாட்களில் பாதி சிறைத் தபாலிலேயே போய்விடும், அதனால் தேதியை உடனே குறித்து வையுங்கள்.

3. எந்த மனு மீதான உத்தரவு? நான் சறுக்கியது இங்கேதான். வழக்கு வேறு, வழக்கு முடிவதற்குள் சிறைக்கு ஏதாவது உத்தரவு போடுங்கள் என்று கேட்கும் இடைக்கால மனு வேறு. அந்த மனு தள்ளுபடியானாலும் வழக்கு அப்படியே நடக்கும். 2008-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த வின்டர் தீர்ப்பின்படி, இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால் நாலு விஷயங்களைக் காட்ட வேண்டும்: வழக்கு ஜெயிக்கும் வாய்ப்பு, பிறகு ஈடுகட்ட முடியாத பாதிப்பு, இரு தரப்புக் கஷ்டநஷ்டத்தில் யார் பக்கம் கனம், பொதுநலன். சிறை விஷயத்தில் கூடுதலாக 1996-இல் வந்த கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டமும் (PLRA) இருக்கிறது. உத்தரவு தேவைக்கு மேல் ஒரு அடி போகக் கூடாது, சாதாரணமாக 90 நாளில் காலாவதியாகிவிடும்.

நண்பரின் தம்பி மனுவில் என்ன ஆனது தெரியுமா? வழக்கு இன்சுலின் பற்றியது, இடைக்கால மனுவோ சட்ட நூலகத்துக்கு விடவில்லை என்பது பற்றியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நாலாம் பக்கத்திலேயே நீதிபதி எழுதியிருந்தார். நான் கடைசி வரியை மட்டும் படித்திருந்தேன். காரணம் பெரும்பாலும் நடுப்பக்கத்தில்தான் இருக்கும், அதைப் படிக்காமல் யாருக்கும் போன் செய்யாதீர்கள்.

4. சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து, மேல்முறையீடு வரை போனாரா? போகாவிட்டால் வழக்கே நிற்காது. அந்தப் புகாருக்கான கெடுவையும் விதியையும் பின்பற்றியிருக்க வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் உட்ஃபோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. புகார் வழியையே அதிகாரிகள் அடைத்திருந்தால் விலக்கு உண்டு (அதே கோர்ட்டின் ராஸ் எதிர் பிளேக் தீர்ப்பு, 2016). புகார்ச் சீட்டின் நகல்தான் இதில் உயிர்.

பிறகு சேர்த்தது: ஏழை என்று மனுப் போட்டால் கட்டணம் கிடையாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கைதிக்கு அப்படி இல்லை, வழக்குப் போடும் கட்டணமான 350 டாலரும் அவருடைய சிறைக் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிப்பார்கள். இன்னொருவர், மனு நிலுவையில் இருக்கும்போதே அண்ணனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதினார். பழைய சிறைக்கு எதிராகக் கேட்ட உத்தரவு அப்போது பெரும்பாலும் செல்லாமல் போகும், நஷ்டஈட்டுக் கோரிக்கை மட்டும் தொடரும்.

நண்பரின் தம்பி இப்போது புது மனுப் போட்டிருக்கிறார். இந்த முறை இன்சுலின் மட்டும்தான், ஊசி தவறிய ஒவ்வொரு நாளும் தேதியோடு, புகார்ச் சீட்டுகளின் நகலோடு.