இரண்டு ஹெச்பிஏ1சி அறிக்கைகளை ஒப்பிடுவது எப்படி?

கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஹெச்பிஏ1சி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு மூன்று மாதங்களுக்கு முன் 7.0 ஆக இருந்த ஹெச்பிஏ1சி இப்போது 7.4 என்று வந்தால், மருந்தைக் கூட்டலாமா என்ற பேச்சு உடனே எழுகிறது. அந்த 0.4 உடலில் நிகழ்ந்த மாற்றமா, அளவிடும் முறையின் ஏற்ற இறக்கமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே மருந்துச் சீட்டு மாறிவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

ஒரே ரத்த மாதிரியை ஒரே கருவியில் பலமுறை வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் எண் சற்றே மாறும். இந்தச் சிதறலைச் சதவீதமாகச் சொல்வதே பரிசோதனைக் கூடங்களில் சிவி எனப்படும் மாறுபாட்டுக் குணகம். இதோடு, நோய் நிலை மாறாதிருக்கும்போதும் ஒருவரது ஹெச்பிஏ1சி இயல்பாகவே 1.7 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77 ஆல் பெருக்கினால், எத்தனை சதவீத வித்தியாசத்துக்கு மேல் போனால் அதை உண்மையான மாற்றமாகக் கொள்ளலாம் என்பது தெரிந்துவிடும். கூடத்தின் சிவி 1 சதவீதம் என்றால், 7.0 உள்ளவருக்கு அந்த எல்லை ஏறக்குறைய 0.4, சிவி 3 சதவீதம் என்றால் அதுவே ஏறக்குறைய 0.7. ஆகவே, முதல் கூடத்தில் 7.4 என்பது கவனிக்க வேண்டிய உயர்வு; இரண்டாவதில் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சிதறல் மிகுந்த கூடத்தில் உண்மையான உயர்வும் கண்ணில் படாமல் போய்விடும் என்பது இதைவிடப் பெரிய ஆபத்து.

எனவே ரத்தம் கொடுக்கும் இடத்தில், "ஹெச்பிஏ1சிக்கு உங்கள் சிவி எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள். அளவு முன்பே தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளைத் தினமும் கருவியில் ஓட்டிப் பார்க்கும் கூடத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியும். 1.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பரிசோதனைக் கூடங்களின் தரத்தைச் சான்றளிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உண்டா, ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடும், வேலூர் சிஎம்சி மருத்துவமனை நடத்துவதைப் போன்ற வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கிறார்களா என்பதையும் விசாரிக்கலாம்.

கூடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டும் கருவிகூட எப்போதும் 0.3 கூட்டியே காட்டக்கூடும். கூடம் மாறினால் அந்தப் பிழை உங்கள் நோயின் ஏற்றமாகவோ இறக்கமாகவோ தோன்றும். அறிக்கையில் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஹெச்பிஎல்சி என்றோ வேறு பெயரிலோ அச்சிடப்பட்டிருக்கும் பரிசோதனை முறை, முந்தைய அறிக்கையில் இருந்ததுதானா என்று பாருங்கள்.

கருவி சரியாக அளந்தும் எண் தவறான பொருளைத் தரும் நிலைகள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை ஹெச்பிஏ1சியை உயர்த்திக் காட்டலாம். அண்மையில் ஏற்பட்ட ரத்தப்போக்கு, சிவப்பணுக்களின் ஆயுள் குறையும் நோய்கள் ஆகியவை தாழ்த்திக் காட்டலாம். இத்தகையவர்கள் வீட்டில் குளுக்கோமீட்டரில் எடுத்த அளவுகளைக் குறித்து வைத்து, அறிக்கையோடு சேர்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோயை முதன்முறையாக உறுதி செய்யும்போது இந்தக் கவனம் இன்னும் அவசியம். 6.5 தொட்டால் சர்க்கரை நோய், 6.4 என்றால் அதற்கு முந்தைய நிலை என்று வரையறை பிரித்தாலும், சிறந்த கூடத்தில்கூட அந்த 0.1 சிதறலுக்குள் அடங்கிவிடும்; அறிகுறி இல்லாதவருக்கு இரண்டாவது பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரக நோயில், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்க ரத்தத்தில் அளக்கப்படும் கழிவுப்பொருளான கிரியேட்டினினுக்கும் இதே நிதானம் தேவை. முதல் நாள் உண்ட இறைச்சிகூட அதை உயர்த்தக்கூடும் என்பதால், வடிகட்டும் திறன் குறைந்திருப்பது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த பிறகே அதை நாள்பட்ட நோய் என்கிறார்கள்.

ஆனால் அடிக்கடி சிறுநீர் போதல், தீராத தாகம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால் மறுபரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.