தொகுதி தொகுதியாக வேண்டாம், குறுக்கே படியுங்கள்

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் முதுகெலும்பற்றவை குழப்புகின்றனவா? ஒவ்வொரு தொகுதியையும் (ஒரே மாதிரி உடலமைப்புள்ள விலங்குகளின் பெரும்பிரிவு) தனித்தனியாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஒரே கேள்வியை எல்லாத் தொகுதிகளிடமும் கேட்டுப் பாருங்கள். கழிவு எப்படி வெளியேறுகிறது? தட்டைப்புழுவுக்குச் சுடர் செல்கள், மண்புழுவுக்கு நெஃப்ரீடியங்கள், கரப்பானுக்கு மால்பீஜியன் குழல்கள் என்று வரிசையாக வந்துவிடும்.

கூடவே காரணத்தையும் தேடுங்கள். மண்புழுவின் இரத்தம் சிவப்பு. தோல் வழியாக வரும் ஆக்சிஜனை அந்த இரத்தம்தான் சுமக்க வேண்டும், அதற்காக ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமி, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. கரப்பானில் மூச்சுக்குழல்கள் காற்றைத் திசு வரைக்கும் நேராகக் கொண்டுபோய் விடுகின்றன. இரத்தத்துக்கு அந்த வேலையே இல்லை, நிறமும் இல்லை. செருப்பால் அடித்த கரப்பானைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்!

விதிவிலக்குகளை மட்டும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் பெரும்பாலும் திறந்த இரத்த ஓட்டம்தான், அதாவது இரத்தம் குழாய்களை விட்டு வெளியே வந்து உறுப்புகளை நனைக்கும். ஆனால் அதே மெல்லுடலிகளான கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் மூடிய வகை, இரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடும். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் கை வைப்பார்கள். அப்புறம், மண்புழு, கரப்பான் இரண்டுக்குமே நரம்பு வடம் வயிற்றுப்புறத்தில்தான் ஓடுகிறது, நம்மைப் போல முதுகுப்புறத்தில் அல்ல.