சுறாவா, திருக்கையா? புரட்டிப் பாருங்கள்

பெயரையும் உடல்வாகையும் நம்பாதீர்கள், செவுள் பிளவைப் பாருங்கள். தலையின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. அடிவயிற்றுப் பக்கம், வாய்க்குப் பின்னால் இரு வரிசையாக இருந்தால் திருக்கை இனம். வேளாச்சுறா என்கிறோமே, ரம்பம் போன்ற மூக்குள்ள மீன், அதுவும் திருக்கைதான்! அருகிவிட்ட உயிர், சட்டப்படி பிடிக்கவோ விற்கவோ கூடாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

திருக்கை இனம் என்று தெரிந்ததும், அடுத்து வால். சாட்டைபோல நீண்டு, ரம்பப் பல்லுடன் விஷமுள் இருந்தால் கொட்டும் திருக்கை, குட்டி போடும். (முள்ளைப் படகிலேயே வெட்டியிருப்பார்கள், தழும்பைத் தேடுங்கள்.) விஷமுள் இல்லாமல், நுனியருகே முதுகுப்புறம் இரண்டு சிறு துடுப்புகள் இருந்தால் ராஜிஃபார்மிஸ் என்ற உயிரியல் வரிசையைச் சேர்ந்த ஸ்கேட் (skate) என்னும் திருக்கை வகை. அது முட்டையிடும், நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிய தோல்பைதான் அதன் முட்டைக்கூடு.