டிஸ்க்வேர்ல்ட்: 41 நாவலில் எதை முதலில் எடுப்பது?

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். "அண்ணே, டெர்ரி பிராட்செட் படிக்கணும், ஒண்ணாம் நம்பர் புக்கு எது?" இதே கேள்வியோடு தொடங்கித்தான் நான் மூன்று வருடத்தை வீணாக்கினேன். அதனால் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையில், 1983-ல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்' தான் முதல் நாவல். வரிசையாகப் போவதுதானே முறை என்று அதை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் திருவனந்தபுரம் ரயில் ஏறினேன், குழித்துறை வருவதற்குள் கண் சொக்கிவிட்டது. புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. அது அதற்கு முன்னால் வந்த மாயாஜால நாவல்களைக் கிண்டலடிக்கிற புத்தகம், அந்த நாவல்கள் எதையும் படிக்காத எனக்குப் பாதி கிண்டல் பிடிபடவேயில்லை.

ஆகவே முதல் வேலை, கையிலிருப்பது ஒரே கதையா, பல கதைகளா என்று பார்ப்பது. 'வீல் ஆஃப் டைம்' என்கிற மாயாஜாலத் தொடர் மாதிரி 14 பாகமும் ஒரே கதை என்றால் வேறு வழியில்லை, ஒன்றிலிருந்து பிடிக்க வேண்டியதுதான். (அதன் முன்கதை 10-ம் பாகத்துக்குப் பிறகு, 2004-ல்தான் வந்தது. முன்கதைதானே என்று அதில் தொடங்காதீர்கள்.) டிஸ்க்வேர்ல்ட் அப்படியில்லை. ஆமை முதுகில் நாலு யானை, யானைகள் மேல் தட்டையான உலகம். கூர்மமும் திசை யானைகளும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. உலகம்தான் ஒன்று, கதைகள் பல கிளை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் மாதிரி, தோவாளைச் சானலோ அனந்தனார் சானலோ, உங்கள் வயலுக்கு எது வருகிறதோ அதைப் பிடித்தால் போதும்.

அடுத்து, கிளையைத் தேர்ந்தெடுங்கள். போலீஸ் கதை பிடிக்குமென்றால் நகரக் காவல்படை, மொத்தம் 8 நாவல், தொடக்கம் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989). புதியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். மரணமே கதாபாத்திரமாக வருவது வேண்டுமா, 'மார்ட்' (1987). நம்ம எமனுக்கு எருமை, இவருக்கு பிங்கி என்கிற வெள்ளைக் குதிரை. இவர் பேச்சு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும், தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, மொழிபெயர்க்கிறவர் பாடு திண்டாட்டம்தான். சூனியக்காரிகளுக்கு 'விர்ட் சிஸ்டர்ஸ்' (1988), வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க 'தி வீ ஃப்ரீ மென்' (2003).

கிளைக்குள் நுழைந்த பிறகு மட்டும் வெளியான வருட வரிசையை மீறாதீர்கள். இதிலும் நான் பட்டிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் 'நைட் வாட்ச்' (2002) மட்டும்தான் கிடைத்தது, காவல்படைக் கிளையில் அது ஆறாவது. காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸ் முப்பது வருடம் பின்னால் போய், இளம் வயதுச் சாம் வைம்ஸுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், இவரால் திரும்பிப் போக முடியவில்லை. எவ்வளவு பெரிய இடம் அது! எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, ஏனென்றால் சாக்கடையோரம் விழுந்து கிடந்த வைம்ஸை நான் பார்த்திருக்கவில்லை, கல்யாணத்தையும் பார்த்திருக்கவில்லை. பிறகு முதலிலிருந்து வந்து அதையே மறுபடி படித்தபோது, வடசேரி பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றவன் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வருடம் பார்க்க வழி சுலபம். தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் ஆசிரியரின் மற்ற நூல்கள் பட்டியல் இருக்கும், இல்லையென்றால் பதிப்புரிமைப் பக்கத்தில் 'முதல் பதிப்பு' வருடத்தைப் பாருங்கள், மறுபதிப்பு வருடத்தை அல்ல. பென்சிலால் அட்டையின் உட்பக்கம் குறித்துக்கொண்டால் கடையில் நின்று முழிக்க வேண்டாம்.

ஒரு கிளை முடிந்ததும் எங்கே வேண்டுமானாலும் தாவலாம். 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' மட்டும் கடைசிக்கு இருக்கட்டும். 2015 மார்ச்சில் பிராட்செட் இறந்த பிறகு வந்த நாவல் அது, சூனியக்காரிகளோடு பழகிவிட்டுப் படித்தால்தான் வலிக்கும்.

தம்பி 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுத்துவிட்டான். நேற்று ராத்திரி மெசேஜ்: "அண்ணே, இந்தக் குடிகாரனா ஹீரோ?"

ஆமா மக்கா, பைய படி.